முதலில் நாற்காலிகளை வட்டமாகப் போடு

அன்புள்ள கதிரவா,

உன் கடிதம் வந்தது. எட்டு மாதமாகக் குளிர், பனி, வீட்டு வாடகை என்ற மூன்றைத் தவிர நான்காவதாக எதையும் எழுதாத பிள்ளை, இந்தத் தடவை ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அதுவும் நாடகத்தைப் பற்றி! உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இவனா கேட்டான்?" என்று கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தானும் ஒரு தடவை பார்த்தாள். பள்ளி ஆண்டு விழாவில் மூன்றாவது சேவகனாக நின்று, ராஜா மேடைக்கு வருவதற்கு முன்பே "மன்னர் வாழ்க" என்று கத்திவிட்டு இறங்கி ஓடியவன் நீ. எங்களுக்கு ஆச்சரியம் இருக்காதா?

பதிலை உனக்குத் தனியாகவே அனுப்பியிருப்பேன். ஆனால் நீ கேட்டதை இன்னும் பத்துப் பேர் கேட்பார்கள் என்று தோன்றியதால் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, சேவகன் கதையை அவர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள்.

கேள்வி இதுதான். நீ இருக்கும் கிளீவ்லாந்தில் குயின்சி அவென்யூவில் கராமு ஹவுஸ் என்று ஒரு நாடக அரங்கம் இருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் அரங்கம், நூறு வயது தாண்டியது. அங்கே நாடகங்களோடு பிள்ளைகளுக்கு நடிப்பு, நடனம், இசை என்று வகுப்புகளும் நடப்பதைப் பார்த்திருக்கிறாய். உன் அலுவலக நண்பர் ஒருவர் தன் தேவாலயத்தில் அதே மாதிரி ஒரு சின்னக் குழு நடத்துகிறார், சனிக்கிழமை வகுப்புக்கு உதவ உன்னைக் கூப்பிடுகிறார். "நாடகக்காரர்கள் நல்ல நாடகம் போட்டால் போதாதா மாமா? இந்த அவுட்ரீச் எல்லாம் நன்கொடை வாங்குவதற்கான ஏற்பாடுதானே?" என்று கேட்டுவிட்டு, அவுட்ரீச் என்பதற்குப் பக்கத்திலேயே "அதாவது மக்களை நோக்கிக் கை நீட்டுவது" என்று எனக்காக விளக்கமும் எழுதியிருக்கிறாய்.

மாமாவுக்கு அந்த அளவுக்குக்கூட இங்கிலீஷ் வராது என்று முடிவுகட்டிவிட்டாய். இருக்கட்டும். நம்மூரில் கை நீட்டுவது என்றால் என்ன மாப்ளே? ஒன்று, கேட்பது. இல்லையென்றால் அடிப்பது. கொடுக்கிறவனைக் கை நீட்டினான் என்று யாரும் சொல்வதில்லை. இதை மனதில் வைத்துக்கொள், கடைசியில் தேவைப்படும்.

முதலில் உன் சந்தேகத்தில் இருக்கும் நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். நன்கொடை தருகிறவர்கள் "எத்தனை பிள்ளைகள் பயனடைந்தார்கள்?" என்று கேட்பதும், அதற்காகவே ஒரு வகுப்பு நடப்பதும் எங்கும் உண்டு. நானே முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து, தலை எண்ணி எண்ணிப் படிவம் நிரப்பியவன். வந்தவர்கள் நாற்பது, வராதவர்கள் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றைக்குக் கல்வி நடந்துவிட்டதாக அர்த்தம். ஆகவே உன் சந்தேகம் பொய்யில்லை. நீ அதைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் தப்பு. கராமுவின் கதையில் நீ முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டுவிட்டாய்.

நீ பஸ்ஸில் தாண்டிப் போகும் அந்த இடத்துக்குக் கராமு வந்தது 1949-இல். கதை தொடங்குவது 1915-இல், வேறு தெருவில். ரஸ்ஸல் ஜெலிஃப், ரொவீனா ஜெலிஃப் என்று ஒரு கணவன் மனைவி, ஓபர்லின் கல்லூரியில் படித்த வெள்ளையர்கள். சென்ட்ரல் அவென்யூவில் 38-ஆம் தெருப் பக்கம் குடிவந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து விளையாடவும் படிக்கவும் கைவேலை பழகவும் ஒரு இல்லம் நடத்தினார்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி ரயிலேறி வந்த கறுப்பினக் குடும்பங்களால் அந்தப் பகுதி நிரம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இல்லத்தில் மேடையும் இல்லை, திரையும் இல்லை. பிள்ளைகள் இருந்தார்கள். 1917-இல் அந்தப் பிள்ளைகளை வைத்து 'சின்ட்ரெல்லா' போட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கலந்து நடித்த நாடகம். அந்த வருஷத்து அமெரிக்காவில் அது லேசான காரியம் இல்லை.

அப்புறம்தான் பெரியவர்களுக்கு ஆசை வந்தது. 1920 வாக்கில் ஒரு நாடகக் கழகம் தொடங்கினார்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் சார்லஸ் கில்பின் என்ற பெரிய நடிகர் அந்த ஊருக்கு வந்தார். யூஜின் ஓ'நீலின் 'எம்பரர் ஜோன்ஸ்' நாடகத்தில் நாயகனாக நடித்து நாடறிந்த கறுப்பின நடிகர். இந்தப் பொழுதுபோக்கு நடிகர்களை வந்து பார்த்தார், உற்சாகப்படுத்தினார், கையிலிருந்து 50 டாலரும் கொடுத்தார். அவர்கள் தங்கள் குழுவுக்கே கில்பின் பிளேயர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். 1927-இல் ஓர் அரங்கம் அமைத்துக் கராமு என்று பெயர் வைத்தார்கள். சுவாஹிலிச் சொல், எல்லாரும் மகிழ்ச்சியாகக் கூடும் இடம் என்று பொருள். 1941-இல் இல்லம் முழுவதற்கும் அதே பெயர் வந்தது.

பார்த்தாயா? நாடகக் கம்பெனி ஒன்று இருந்து, அது ஒருநாள் மனமிரங்கிப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கியதாக நீ நினைத்தாய். பிள்ளைகள் இல்லம் ஒன்று இருந்து, அதுதான் நாடகக் கம்பெனியைப் பெற்றது. தாயைப் பார்த்து "இவள் எதற்கு இந்த வீட்டில்?" என்று கேட்டுவிட்டாய் மாப்ளே.

நீ இங்கே ஒரு மடக்கு மடக்குவாய் என்று எனக்குத் தெரியும். "தொடங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுத்த கதைதானே?" என்பாய். நல்ல கேள்வி. ஜெலிஃப் தம்பதி ஓய்வு பெற்றது 1963-இல்தான். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் தலைமை அவர்களிடம் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் கேள்விகள் எழுந்ததும், அறுபதுகளின் கடைசியில் கராமு தன்னைக் கறுப்பின அரங்கமாக உரத்துச் சொல்லிக்கொண்டதும் உண்டு. ஆனால் இடத்தைத் திறந்தவர் யார் என்பதோடு கேள்வியை நிறுத்திவிடாதே. உள்ளே வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் கேள். 1920-களில் கில்பின் பிளேயர்ஸ் கறுப்பின மக்களின் வாழ்க்கையைக் காட்டும் நாடகங்களை எடுத்தபோது, அவர்கள் சமூகத்திலிருந்தே முணுமுணுப்பு வந்தது. நம் கஷ்டத்தையும் நம் பேச்சையும் மேடையில் காட்டி எதற்கு மானத்தை வாங்குகிறீர்கள் என்ற மாதிரியான முணுமுணுப்பு. அதையும் தாண்டித்தான் நடித்தார்கள். பணம் போட்டவர் கேட்ட கேள்வியைவிட, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்விதான் அவர்களுக்குக் கனமாக இருந்தது.

அந்தப் பகுதியில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு பையன் அந்த இல்லத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தான். 1920-இல் பள்ளி முடித்துப் போனவன், பதினாறு வருஷம் கழித்துக் கைநிறைய நாடகங்களோடு திரும்பி வந்தான். 1936-லும் 37-லும் 'லிட்டில் ஹாம்', 'டிரபிள்ட் ஐலண்ட்', 'ஜாய் டு மை சோல்' என்று அவன் நாடகங்களைக் கில்பின் பிளேயர்ஸ் முதன்முதலாக மேடையேற்றினார்கள். லாங்ஸ்டன் ஹியூஸ் என்று பெயர். கவிஞராக உனக்கும் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் வெளியே சொல்லாதே, சனிக்கிழமைக்குள் படித்துவிடு. அதற்காகப் பத்துப் பிள்ளைக்கு வகுப்பெடுத்தால் ஒரு ஹியூஸ் வருவார் என்று கணக்குப் போடாதே. அது லாட்டரிக் கணக்கு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நடிகராகவும் ஆகவில்லை, கவிஞராகவும் ஆகவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கதவு திறந்திருந்தது.

1939-இல் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. நடுவில் உலகப்போர். புதுக் கட்டடம் வரப் பத்து வருஷம். அதுவரை கிடைத்த இடத்தில் வேலை நடந்தது. கட்டடம்தான் அரங்கம் என்றால் அன்றைக்கே கதை முடிந்திருக்க வேண்டும்.

இனி உன்னைத் தெற்கே கூட்டிப்போகிறேன், மிசிசிப்பிக்கு. கராமுவுக்காவது கட்டடம் எரிந்தது. இவர்களுக்கு எரிவதற்குக்கூடக் கட்டடம் கிடையாது.

1963-இல் டூகலூ என்ற கறுப்பினக் கல்லூரியை ஒட்டி மூன்று இளைஞர்கள் கூடினார்கள். டோரிஸ் டெர்பி, ஜான் ஓ'நீல், கில்பர்ட் மோசஸ். டெர்பி அங்கே வந்ததே முதியோருக்கு எழுத்தறிவிக்கும் வேலைக்காக. எழுத்தறிவு என்றவுடன் நம்மூர் அறிவொளி வகுப்பு மாதிரி நினைத்துவிடாதே. அங்கே எழுத்தறிவு என்பது ஓட்டு. வாக்காளராகப் பதியப் போகும் கறுப்பினத்தவரிடம் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி, எழுது, விளக்கம் சொல் என்பார் பதிவாளர். மொத்தம் 285 பிரிவுகள். எதைக் காட்டுவது என்பதும் அவர் இஷ்டம், சொன்ன விளக்கம் சரியா என்பதும் அவர் இஷ்டம். சட்டம் படித்தவனும் தோற்கக்கூடிய பரீட்சை. 1964 தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் ஓட்டுரிமை வயதிலிருந்த கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பதிவாகியிருக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

இப்படிப்பட்ட ஊரில் நாடகம் எதற்கு? நீ கேட்க வேண்டாம், அவர்களே கேட்டுக்கொண்டார்கள். எழுத்துக் கற்றுக்கொடுத்தால் வாசிக்க வரும். ஆனால் நூறு வருஷமாக வாயைத் திறந்தால் வேலை போகும், வீடு போகும், உயிர் போகும் என்று பழகியவர்களுக்கு, நாலு பேர் நடுவில் தன் நினைப்பைச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வரும்? அதற்கு ஒரு கூட்டம் வேண்டும், கூட்டத்தின் நடுவில் ஒரு கதை வேண்டும், கதை முடிந்ததும் யோசிப்பதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். குழுவுக்கு ஃப்ரீ சதர்ன் தியேட்டர் என்று பெயர். ஃப்ரீ என்றால் விடுதலை, இலவசம், இரண்டும்தான். டிக்கெட் கிடையாது.

1964 கோடையில் புறப்பட்டார்கள். மூன்று சமூக உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டு, ஆகஸ்ட் மாதம் மண் அணைக்கு அடியிலிருந்து உடல்கள் தோண்டி எடுக்கப்பட்ட அதே கோடை. நாற்பதுக்கு மேற்பட்ட சுதந்திரப் பள்ளிகள் தேவாலயங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் நடந்துகொண்டிருந்தன. அந்தப் பாதையிலேயே இவர்களும் போனார்கள். முதல் நாடகம் மார்ட்டின் டூபர்மனின் 'இன் ஒயிட் அமெரிக்கா'. அதில் கற்பனைக் கதை கிடையாது. அடிமைக் கப்பல் காலத்திலிருந்து நடந்தவற்றைக் கடிதங்கள், நாட்குறிப்புகள், நீதிமன்றப் பதிவுகள், உரைகள் என்று அப்படியே தொகுத்தது. அந்தப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இல்லாத வரலாற்றை நடிகர்கள் எதிரில் நின்று பேசினார்கள்.

மெக்கோம்ப் என்ற ஊரில், தொண்டர்கள் தங்கியிருந்த சுதந்திர இல்லத்தில் அந்தக் கோடையில்தான் வெடிகுண்டு வைத்திருந்தார்கள். அந்த வீட்டின் பின்பக்கத்து முற்றத்தில் நாடகம் நடந்தது. கொஞ்சம் கண்ணை மூடிப் பார் மாப்ளே. முந்நூறு ரூபாய்க்குச் சோளப்பொரி விற்கும் அரங்கத்தில் உட்கார்ந்து இருக்கை வசதி பற்றிப் புகார் சொல்கிறவன் நீ. குண்டு விழுந்த வீட்டுக்குப் பின்னால், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்காகவா இருந்திருக்கும்? இண்டியனோலா என்ற ஊரிலும் போட்டார்கள். இனப் பிரிவினையைக் காப்பதற்காக வெள்ளையர் குடிமக்கள் மன்றம் என்ற அமைப்பு 1954-இல் தொடங்கப்பட்டதே அந்த ஊரில்தான். அந்த மன்றத்தைச் சேர்ந்தவர்களும் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அன்றைய நடிகர்களின் நெஞ்சுத் துடிப்பை நீயே நினைத்துக்கொள்.

இப்போது உன்னுடைய அடுத்த தப்புக்கு வருகிறேன். படிக்காத மக்கள், விவசாயக் கூலிகள், ஆகவே எளிமையான பிரச்சார நாடகமாகத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாய். நினைக்கவில்லை என்று பொய் சொல்லாதே, "பாமரர்களுக்கு ஏற்ற மாதிரி" என்று உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வருஷக் கடைசியில் அவர்கள் எடுத்துப்போன நாடகங்கள் இரண்டு. ஒன்று ஆஸி டேவிஸ் எழுதிய 'பர்லி விக்டோரியஸ்', பண்ணை முதலாளியைச் சிரிக்கச் சிரிக்கக் கிழிக்கும் நகைச்சுவை. இன்னொன்று என்ன தெரியுமா? சாமுவேல் பெக்கட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'. கல்லூரியில் பேராசிரியர்கள் ஒரு பருவம் முழுக்க விளக்கியும் நீ தூங்கி வழிந்தாயே, அதே நாடகம்!

எல்லாருக்கும் பிடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். குழம்பியவர்கள் இருந்தார்கள், குழுவுக்குள்ளேயே இது சரிதானா என்ற வாதம் நடந்தது. ஆனால் ரூல்வில் என்ற சிற்றூரில் ஃபானி லூ ஹேமர் என்ற பெண்மணி அதைப் பார்த்தார். பருத்திக்காட்டில் வேலை பார்த்தவர். 1962-இல் வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்து வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர், 1963-இல் சிறைக்குள் அடித்து நொறுக்கப்பட்டவர். இடைவேளையில் அவர் எழுந்து கூட்டத்தோடு பேசினார். காத்திருப்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், மேடையில் இருக்கும் இந்த இரண்டு பேரும் வராத ஒருவனுக்காகச் சும்மா காத்திருக்கிறார்கள், நாம் இனி அப்படிக் காத்திருக்கப்போவதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். பெக்கட்டைப் பற்றி எழுதிய எத்தனையோ விமர்சகர்களைவிட அந்த அம்மாள் பட்டென்று இடத்தைத் தொட்டுவிட்டார். பாமரருக்கு ஏற்ற மாதிரி என்று நீ குறைத்துக் கொடுத்திருந்தால், இந்தப் பேச்சு பிறந்திருக்குமா?

ஆனால் பெக்கட்டைக் கொண்டுபோனது சாமர்த்தியம், அதோடு முடிந்தது என்றும் நினைத்துவிடாதே. அவர்கள் செய்ததில் பெரிய காரியம் நாடகம் முடிந்த பிறகுதான். ஊர் ஊராகப் பார்வையாளர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பேசப் பேச ஒன்று புரிந்தது. ஊருக்குக் கதை கொண்டுபோகிறோம் என்று நினைத்தார்கள், ஊரில் ஏற்கெனவே கதை மலைமலையாகக் கிடந்தது. நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு குழு மெதுவாகத் திசை மாறியது. டாம் டென்ட் போன்ற எழுத்தாளர்கள் வந்து சேர்ந்தார்கள். எழுத்துப் பட்டறை நடந்தது. அந்த ஊர் இளைஞர்களே தங்கள் கவிதைகளையும் நாடகங்களையும் எழுதி நடித்தார்கள். வெளியூர்க்காரர் எழுதியதை உள்ளூர்க்காரர் பார்ப்பது போய், உள்ளூர்க்காரர் எழுதியதை உள்ளூரே பார்த்தது.

பணமில்லாமல் தள்ளாடித் தள்ளாடி 1980-இல் குழு ஓய்ந்தது. 1985-இல் அதற்கு ஒரு சாவுச் சடங்கே நடத்தினார்கள். நியூ ஆர்லியன்ஸ் வழக்கப்படி ஜாஸ் வாத்தியத்தோடு ஊர்வலம். நாடகக் குழுவுக்குக் கருமாதி செய்த கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஜான் ஓ'நீல் அதற்குள் ஜூன்பக் புரொடக்‌ஷன்ஸ் என்ற புதுக் குழுவைத் தொடங்கியிருந்தார். 2019-இல் இறக்கும்வரை அவர் விடாமல் பிடித்திருந்த ஒரு முறை இருக்கிறது. கதை வட்டம் என்று பெயர். சனிக்கிழமை உனக்குப் பயன்படப்போவது இதுதான், ஆகவே கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் படி.

எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். மேடை கிடையாது, முன்வரிசை கிடையாது. வெளியே நின்று வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை, இருக்கிறவன் வட்டத்துக்குள் இருக்கணும். ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கதை சொல்ல வேண்டும். கருத்து வேண்டாம், தனக்கு நடந்தது வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு நேரம், வட்டம் பெரிதானால் மூன்று நிமிஷம்கூடப் போதும். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, மறுத்துப் பேசக் கூடாது. சொல்ல விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம், சுற்று மறுபடி வரும்போது சொல்லலாம். முக்கியமானது ஒன்று. உன் முறை வருவதற்காக மனதுக்குள் ஒத்திகை பார்க்காதே. இப்போது பேசுகிறவரைக் கேள். அவர் சொன்ன கதையே உன் கதையை வெளியே இழுத்துக்கொண்டு வரும். சுற்று முடிந்த பிறகுதான் பேச்சு, அதற்குப் பிறகுதான் நாடகம்.

"இவ்வளவுதானா? இதற்கு ஒரு நாடகக்காரர் வேண்டுமா?" என்பாய். செய்து பார். மூன்று நிமிஷம் வாயை மூடிக்கொண்டு ஒருவர் பேசுவதைக் கேட்க உன்னால் முடிந்தால், உன் அம்மாவுக்கு உடனே போன் போட்டுச் சொல்கிறேன்.

வகுப்பு என்றதும் உனக்கு நினைவுக்கு வருவது மதிப்பெண். அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். பிட்ஸ்பர்க்கில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நெப்போலியனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தான். இவ்வளவு நன்றாக இவனால் எழுத முடியாது, யாரோ எழுதிக் கொடுத்தது என்றார் ஆசிரியர். பையன் பள்ளியை விட்டே வெளியேறிவிட்டான். வாத்தியார் ஜாதியில் பிறந்த எனக்கு இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவன் நேரே போய் உட்கார்ந்தது கார்னகி நூலகத்தில். வளர்ந்தபின் செயின்ட் பால் நகரத்துக்குப் போனான். அங்கே அறிவியல் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு நடித்துக் காட்டும் சின்னச் சின்ன நாடகங்கள் எழுதிச் சம்பளம் வாங்கினான். அதே ஊரில் ஹாலி கியூ. பிரவுன் என்ற கறுப்பினச் சமூகக்கூடத்துக்குள், 1976-இல் லூ பெல்லமி தொடங்கிய பெனம்ப்ரா நாடகக் குழு இயங்கியது. அந்தப் பையனின் நாடகத்தை முதன்முதலாகத் தொழில்முறை மேடையில் போட்டது அந்தக் குழுதான், 1981-இல். ஆகஸ்ட் வில்சன் என்ற பெயரை நீ நியூயார்க்கில் ஒரு பிராட்வே அரங்கத்தின் நெற்றியில் பார்க்கலாம். பள்ளி கொடுக்காத சான்றிதழைப் பிற்காலத்தில் அந்த நூலகமே அவருக்குக் கொடுத்துக் கௌரவித்தது.

இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக அவர் எழுதிய பத்து நாடகங்களிலிருந்து ஒரு தனிப்பேச்சை எடுத்துப் பள்ளிப் பிள்ளைகள் பேசும் போட்டியை அட்லாண்டாவில் கென்னி லியோனின் ட்ரூ கலர்ஸ் குழு 2007-இல் தொடங்கியது. பிறகு பல ஊர்களுக்குப் பரவி, இறுதிச்சுற்று அந்த வில்சன் அரங்கிலேயே நடந்தது. நம்மூர்ப் பேச்சுப்போட்டி போல ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார்களோ என்று நினைத்தேன். அப்படிப் பேசினால் அங்கே எடுபடாது. குப்பை வண்டி ஓட்டுகிறவர், வாடகை வண்டிக்காரர், சமையற்காரி என்று வில்சனின் ஆட்கள் எல்லாம் அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள். தாத்தாவின் பேச்சை ஒப்பிக்க முடியாது, அவர் எதற்காக அப்படிப் பேசினார் என்று தெரிந்துகொண்டுதான் பேச முடியும்.

இனிச் சனிக்கிழமைக்கு. நீ செய்யப்போகும் தப்புகளை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுதும் தபால் செலவு மிச்சம்.

முதல் நாளே உதவி செய்ய ஆரம்பிக்காதே. மூன்று வாரம் நாற்காலி தூக்கு, பிள்ளைகளின் பெயர் கற்றுக்கொள். பெயரைச் சரியாகச் சொல்லப் பழகு. உன் பெயரை அங்கே கட்ரேவன் என்கிறார்கள் என்று போனில் மூன்று தடவை அழுதிருக்கிறாய், அந்த வலி தெரிந்தவன்தானே. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு போகாதே. கறுப்பினப் பிள்ளைகளோடு நீ சிரித்துக்கொண்டு நிற்கும் படம் எனக்கு வந்தால், அதை வீட்டில் யாருக்கும் காட்ட மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் வரலாற்றை அவர்களுக்கே விளக்க முயலாதே, இந்தக் கடிதத்தை அங்கே கொண்டுபோய் ஒப்பிப்பதும் அதில் சேர்த்தி. நாடகம் முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பாதே. எந்தக் காரியமும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நண்பர் தலை எண்ணச் சொன்னால் எண்ணிக் கொடுத்துவிடு, பாவம், அவருக்கும் படிவம் இருக்கும். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு பிள்ளை சொன்ன ஒரு கதையாவது உனக்கு நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள். இல்லையென்றால் அன்றைக்கு நீ போகவில்லை என்று அர்த்தம்.

கை நீட்டுவதைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேனே. சென்ட்ரல் அவென்யூவிலும் டூகலூவிலும் அவர்கள் கை நீட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கொடுப்பதற்காக நீட்டிய கை, போகப் போகக் கேட்பதற்கான கையாக மாறியது. நம் மொழியில் ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதும் அவர் சொல்வதைக் காதால் கேட்பதும் ஒரே சொல்தான். அவர்கள் செய்தது அந்த இரண்டையும்தான்.

போய்ச் சேர்ந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போடு. ஒன்றில் நீயும் உட்கார். உன் முறை வரும்போது அந்த மூன்றாவது சேவகன் கதையைச் சொல்லு. பிள்ளைகள் சிரித்தார்களா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா